கழிவுக் கணக்கு

மரம் விழுந்த பிறகுதான் நெல்மாவுக்கு வேலை.
கரையில் உருட்டிப் போட்ட தடிகளின்
இரு முனையிலும் நாடா பிடிக்கிறாள்.
குறுக்களவு, நீளம், பட்டை போக மீதி.
வெட்டுமுகத்தில் சிவப்புச் சாயத்தில் ஓர் எண்.
சாலமன் தீவுகளின் மேற்கே இந்த விரிகுடாவுக்குப்
பதினாலு மாதமாகப் பெயர் ‘மூன்றாம் துறை’.
பழைய பெயருக்கு ஏட்டில் கட்டம் இல்லை.

தேர்ந்து வெட்டுவோம் என்றுதான் ஒப்பந்தம்.
தேர்ந்தார்கள்:
முழு மலையை.

மொட்டை போட்ட தலைக்கு மூன்று மாதத்தில் முடி வரும்.
மலைக்கு வந்தது கொடி.
அடிக்கட்டை, புல்டோசர் தடம், யாரோ விட்டுப்போன ஹெல்மெட்
எல்லாவற்றின் மேலும் ஒரே பச்சைப் போர்வை.
விமானத்தில் போகிற அதிகாரிக்கு அதுவும் காடு.

ஙகரத்தில் தொடங்கும் சொல் என் மொழியில் ஏறக்குறைய இல்லை.
எழுத்து மட்டும் இருக்கிறது, வேலையில்லாமல்.
இவர்கள் பேச்சில் அதில் ஒரு மரமே நிற்கிறது: ஙாலி.
கொட்டையை உடைத்துச் சுட்டுத் தின்பார்கள்,
கல்யாணத்துக்குக் கிழங்கோடு சேர்த்து இடிப்பார்கள்.
வெட்டக்கூடாத பட்டியலில் அது இருந்தது.
கரையில் கிடந்த தடிகளிலும் மூன்று இருந்தது.
“வழியில் நின்றது” என்றார் மேற்பார்வையாளர்,
ஏதோ மாடு குறுக்கே வந்துவிட்டதுபோல.

2217இல் பொந்து.
பொந்து இருந்தால் கழிக்க வேண்டும்,
காற்றுக்கு எவன் காசு கொடுப்பான்?
நாடாவோடு கையை உள்ளே விடப் போனாள்.
வாயில் ஒரு சுவர்,
எச்சமும் பழச்சக்கையும் குழைத்துப் பூசியது,
அலகு மட்டும் நுழையும்படி ஒரு கீறல்.
பெயர்த்தாள்.
இருவாச்சிப் பெட்டை.
இறகெல்லாம் உதிர்த்துப்போட்டு
முட்டைமேல் உட்கார்ந்தபடியே
முப்பது மீட்டர் விழுந்திருக்கிறது,
வீட்டை விட்டு வெளியே வராமல்.

மேலே, மரம் இருந்த உயரத்தில்,
சேவல் அத்திப்பழத்தை அலகில் கவ்விக்கொண்டு
காற்றில் ஓர் இடத்தை மூன்று நாள் சுற்றியது.
இடம் அதற்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

நெல்மா எழுதினாள்:
கழிவு, 0.41 கன மீட்டர்.

இலை இருந்தவரை மழை படியிறங்கி வந்தது.
கிளைக்குக் கிளை நின்று, பாசியில் உட்கார்ந்து,
வேருக்குச் சொல்லிவிட்டுத் தரைக்கு வரும்.
பிப்ரவரியில் அது நேரே குதித்தது.
இரவெல்லாம் வீட்டைத் தாண்டி
மலை நடந்துபோகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.
விடிந்தபோது குழாய் இருமியது,
முதலில் காற்று, பிறகு பால் விடாத தேநீர்.
லாரித் தடத்துக் குட்டைகளில் கொசு பெருகி
மருந்தகத்தில் ஒரு பாய்க்கு இரண்டு காய்ச்சல்.

ஜோதாம், அவள் கணவன், கடலட்டைக்கு மூழ்குகிறவன்,
தோணியில் ஏறிக் கண்ணைக் கசக்கினான்.
“கையை நீட்டினேன். கையைக் காணோம்.”
வேறொன்றும் சொல்லவில்லை. கூடை காலி.

அந்தி மங்குமுன் அவள் துடுப்புப் போட்டாள்
பவளத்திட்டு வரைக்கும்.
ஈயக்குண்டு கட்டி நாடாவை இறக்கினாள்.
முதலில் நீர், அப்புறம்
நீரும் இல்லாத நிலமும் இல்லாத ஒன்று,
அதற்கும் கீழேதான் கல்லில் தட்டியது.
ஆறு இடத்தில் அளந்தாள்.
எங்கேயும் முழங்கைக்குக் குறையவில்லை.

கம்பெனி ஏட்டில், 2217க்கு அடுத்த வரியில்:
பொருள்: மலை.
தரம்: பொடி.
ஏற்றிய கப்பல்:
பேனா அங்கே நின்றது.
துறையில் கப்பல் இல்லாத வாரம் அது.
சரக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

காலையில் மேற்பார்வையாளர் விரல் வைத்துக் கேட்டார்,
“இது என்ன வரி?”
“கழிவு” என்றாள்.
தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார்.

நாடாவில் சேறு இன்னும் காயவில்லை.
துடைக்காமலே 2218ஐ அளந்தாள்.